உறையாத நாற்பது நிமிடம்

திரவ நைட்ரஜன் மேல் ஊரில் பயம் கலந்த ஒரு மரியாதை இருக்கிறது. பள்ளிக்கூடக் கண்காட்சியில் ஒரு செம்பருத்தியை அதில் முக்கி எடுத்து மேசையில் தட்டுவார்கள். பூ அப்பளம் போல நொறுங்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி என்று சொல்லும்போது ஆசிரியர் அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி நிமிர்ந்து நிற்பார். அந்தக் கைதட்டலில் மயங்கித்தான் நானும் இந்தப் படிப்புக்கு வந்தேன். இருபது வருடம் அதோடு குப்பை கொட்டிய பிறகு சொல்கிறேன், அதன் பாச்சா பலிக்காத இடங்களும் உண்டு. பலூனில் அடைக்கும் ஹீலியம் அதைச் சட்டையே செய்யாது. காற்றிலிருக்கும் ஆக்சிஜன் அந்தக் குளிரில் சொட்டுச் சொட்டாகத் திரவமாகுமே தவிரக் கட்டியாகாது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது பாடப் புத்தகத்தில் இல்லை.

என் பெயர் தமயந்தி. பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு குளிர் மையத்தில் மூத்த டெக்னீஷியன். வைத்தியம் இன்னும் வராத நோயோடு வருகிறவர்களை உறையவைத்து, வைத்தியம் வந்ததும் எழுப்புவது எங்கள் தொழில். உறையவைப்பது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் ரத்தத்தை வடித்துவிட்டுச் சர்க்கரைப் பாகு மாதிரி ஒரு திரவத்தை ஏற்றுவோம். அது பனிக்கட்டியாகி நரம்பைக் கிழிக்காமல் கமர்கட் மாதிரி இறுகிக்கொள்ளும். அப்படியே நைட்ரஜன் தொட்டியில் இறக்கிவிடுவோம்.

இந்த விளக்கத்தை என்னைச் சொல்லி முடிக்கவிடாத ஒரே ஆள் பூபேஷ்.

"அதெல்லாம் எனக்குத் தெரியுமுங்க மேடம்" என்றார். காங்கேயம் பக்கத்துக் கிராமங்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். இருபத்திரண்டு வருடம் நைட்ரஜன் கேனைப் பைக்கில் கட்டிக்கொண்டு சுற்றியவர். "காளையோட விந்த ஒரு குச்சிக்குள்ள ரெண்டு கோடி உயிரணுவா அடைக்கிறாங்க. எதுக்குங்க அத்தனை? எடுத்து வெதுவெதுப்பான தண்ணில போட்டா பாதி எந்திரிக்கறதில்ல. அதுக்குத்தான். இங்க நான் ஒருத்தன்தானுங்களே இருக்கேன்?"

"அண்ணா, சும்மா இருங்க" என்று பக்கத்திலிருந்த தங்கை சிந்துஜா அதட்டினாள்.

நூற்றில் தொண்ணூற்றாறு பேர் எழுந்துவிடுகிறார்கள் என்றேன். மாட்டைவிடத் தேவலை என்று ஒப்புக்கொண்டார்.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. டயாலிசிஸுக்குக் குத்த நல்ல நரம்பு மிச்சமில்லை. அவருடைய அணுக்களிலிருந்தே புதுச் சிறுநீரகம் வளர்க்கும் முறை பத்து வருடத்தில் வந்துவிடும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதுவரை தாக்குப்பிடிக்க யாராவது ஒன்று கொடுக்க வேண்டும். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா இல்லை. கூடப் பிறந்தவள் சிந்துஜா ஒருத்திதான். அவளைச் சோதித்துப் பார்த்துப் பொருந்தவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் எங்களிடம் வந்திருந்தார்கள்.

"ஒரு விஷயம் மட்டும் நீங்க கேட்டே ஆகணுங்க" என்றேன். "ஊசி போட்டு மயக்கம் வர்றதுக்கு நாற்பது நிமிஷம் ஆகும். அந்த நேரத்துல பேசினது, கேட்டது எதுவும் எழுந்ததுக்கப்பறம் ஞாபகம் இருக்காது."

"ஏனுங்?"

"புதுசாக் கேட்டத மூளை உடனே பதிஞ்சு வெச்சுக்காதுங்க. கொஞ்ச நேரம் வெறும் மின்சாரமா ஓடவிடும். அப்பறந்தான் நரம்புல பதிக்கும். நைட்ரஜன் நரம்ப உறையவெச்சுரும். ஓடிட்டு இருக்கற மின்சாரம் அப்படியே நின்னுபோகும்."

"கரண்டு போனா கம்ப்யூட்டர்ல சேவ் பண்ணாதது போயிர்ற மாதிரி."

"அதேதாங்க. முன்னாடி பதிஞ்சது எல்லாம் அப்படியே இருக்கும். கடைசி நாற்பது நிமிஷம் மட்டும் உறையாது."

இந்த நாற்பது நிமிடத்தை நம் ஜனங்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்று எழுதினால் தனிப் புத்தகமே போடலாம். ஆரம்பத்தில் மகன்கள் பத்திரத்தோடு வந்து கட்டைவிரலைப் பிடித்து ரேகை வைத்தார்கள். எழுந்த அப்பாவுக்கு நிலம் போனது எப்படி என்று புரியவில்லை. அரசாங்கம் சட்டம் போட்டது. ஊசி போடும் அறையில் பேனா, காகிதம், போன் எதுவும் கூடாது. ஒரு டெக்னீஷியன் கூடவே இருக்க வேண்டும். அங்கே பேசியதை அவர் எழுந்தவரிடம் சொல்லக் கூடாது, எதுவும் பேசவில்லை என்றுகூடச் சொல்லக் கூடாது. சொன்னால் லைசென்ஸ் போகும், இரண்டு வருடம் உள்ளே. காகிதம் போனதும் ஜனங்கள் வாயைத் திறந்தார்கள். எப்படியும் மறந்துவிடப் போகிறவரிடம் எதையும் சொல்லலாம் இல்லையா? கணவனிடம் மனைவி, மனைவியிடம் கணவன், அண்ணனிடம் தம்பி என்று முப்பது வருடம் அடக்கிவைத்ததை எல்லாம் கொட்டிவிட்டு முகம் கழுவிக்கொண்டு போனார்கள். இன்னொரு கூட்டம், எழுந்தவரிடம் போய், "அன்னிக்கு நீங்க என்னை மன்னிச்சீங்க, மேற்குக் காட்டு நிலத்தை எனக்குன்னு சொன்னீங்க" என்று அளந்துவிட்டது. நாற்பது நிமிடக் கதை என்றாலே புளுகு என்று ஊரில் அர்த்தமாகிவிட்டது. நான் இதையெல்லாம் சுவரோடு சுவராக நின்று கேட்டேன். முதல் வருடம் வீட்டுக்குப் போய் அழுதேன். பிறகு பழகிவிட்டது.

பூபேஷுக்கு ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஊசி போட்டோம். முதல் கால் மணி நேரம் அண்ணனும் தங்கையும் பைக்கை யாருக்குக் கொடுப்பது, நாய்க்கு யார் சோறு வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கையின் ஒன்பது வயது மகளைப் பார்க்காமல் போவதில் அவருக்கு வருத்தம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, ஒண்ணு சொல்லோணும்" என்றாள் சிந்துஜா.

"சொல்லு அம்மிணி."

"என் கிட்னி பொருந்துச்சுங்ணா."

பூபேஷ் தலையணையில் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"பொருந்துச்சு. நாந்தான் டாக்டரத் தனியாப் பாத்து, என்னால குடுக்க முடியாதுங்க, எங்கண்ணங்கிட்ட அப்படிச் சொல்லிராதீங்கன்னு கேட்டேன். அவங்களே பொருந்தலைன்னு சொல்லிட்டாங்க. எனக்கு ஒண்ணு ஆயிட்டா பாப்பாவ யாரு பாத்துக்குவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதெல்லாம் சும்மாங்ணா. பயமா இருந்துச்சு. கத்தி வைக்கறத நெனச்சாலே காலு நடுங்குச்சு. அவ்வளவுதான்."

அப்படி ஒரு வழக்கம் ஆஸ்பத்திரிகளில் உண்டு. கொடுக்க மனமில்லாதவரைக் குடும்பம் பிய்த்துப் பிடுங்கக் கூடாது என்று, டாக்டரே பழியைப் பரிசோதனையின் மேல் போட்டுவிடுவார். நல்லெண்ணத்தில் வந்த வழக்கம்தான்.

"தெரியும் அம்மிணி" என்றார் பூபேஷ். "உன் டெஸ்ட்டுக்கும் என் பேர்லதானே சீட்டுப் போட்டாங்க? ரிசல்ட்டு நேரா என் போனுக்கே வந்துருச்சு. டாக்டர் சொல்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"நாலு மாசமாவா தெரியும்? உப்பில்லாம ஆக்கிக் கொண்டாந்து ஊட்டினனே, அப்பவுமா?"

"அப்பவுந்தான்."

"என்னையத் திட்டியிருக்கலாமே!"

"வயிறு எரிஞ்சுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கும் நீதான் வேணும், என்னன்னு திட்டறது? ஆனா நீயா வாயத் தொறந்து சொல்லிட்ட பாரு, இப்ப ஒண்ணுமே இல்ல. போச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "உன்னத் திட்ட எனக்கு என்ன யோக்கியத இருக்கு? அம்மாவுக்கும் கிட்னி போனப்ப நான் குடுக்கலையே."

"உங்களுக்குத்தான் பொருந்தலையே."

"பொருந்துச்சு."

சிந்துஜா அவர் கையைப் பிடித்திருந்தாள். விட்டுவிட்டாள்.

"நானும் டாக்டரத் தனியாத்தான் பாத்தேன். நீ அப்ப மாசமா இருந்த, உன்னையக் கேக்க முடியாது. நான் ஒருத்தன்தான். அம்மா அப்பறம் ஏழு மாசம் இருந்தாங்க. எம் பையனுக்கு எனக்குத் தர்றதுக்குக் குடுத்துவைக்கலையேன்னு கடைசி வரைக்கும் எனக்காக வருத்தப்பட்டாங்க. இத நான் ஒருத்தருகிட்டயும் சொன்னதில்ல."

இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது. அவள் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். அந்த அறையில் ஜன்னல் கிடையாது.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

மூன்று நிமிடம் ஆனது. திரும்பி வந்து அவர் கால்மாட்டில் நின்று பாதத்தின் மேல் கையை வைத்தாள். கைக்கு எட்டியது அதுதான்.

அப்போதுதான் பூபேஷுக்கு உறைத்தது. மாட்டுக்காரர், கணக்கு வேகமாகப் போடுகிறவர். "மேடம், இது எதுவும் எனக்கு ஞாபகம் இருக்காதில்லீங்?"

"இருக்காதுங்க."

"ஆனா அந்த மெசேஜு ஞாபகம் இருக்கும். அது நாலு மாசத்துக்கு முந்தி வந்தது."

"இருக்குங்க."

"அப்ப நான் எந்திரிக்கறப்போ இவ பொய் சொன்னது தெரியும். இவளே ஒத்துக்கிட்டது தெரியாது. கோவம் அப்படியே இருக்கும், ஆறுனது மட்டும் போயிரும். ஒரு பேனா குடுங்க மேடம்."

"கூடாதுங்க."

"நீங்களாச்சும் எங்கிட்டச் சொல்லுவீங்களா?"

"கூடாதுங்க" என்றேன். அந்தச் சொல்லை நான் அத்தனை வருடமாகச் சொல்லிவருகிறேன். அன்றைக்குத்தான் வாய் கசந்தது.

அவருக்கு நாக்கு குழற ஆரம்பித்திருந்தது. தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "நீ சொல்லு. நான் எந்திரிச்சதும் சொல்லு. நம்ப மாட்டேன், நாற்பது நிமிசக் கதைன்னுதான் சொல்லுவேன். அம்மா விசயத்தச் சொல்லு. அது என்னைய விட்டா ஆருக்கும் தெரியாது. நாந்தான் சொல்லியிருக்கோணும்னு புரிஞ்சுக்குவேன்."

அவள் தலையாட்டினாள். அவர் தூங்கிவிட்டார்.

பதினோரு வருடம் அவர் நாற்பத்தொன்றாம் தொட்டியில் இருந்தார். சாகாதவருக்குத் திதி கிடையாது, அதனால் சிந்துஜா அவர் பிறந்த நாளுக்கு வருவாள். தொட்டிக்கு முன்னால் நின்று, "நைட்ரஜன் கொறையாம ஊத்தறீங்களா?" என்று கேட்பாள். ஊற்றுகிறோம் என்பேன். மகள் பத்தாவது முடித்தது, நாய் செத்தது எல்லாம் சொல்வாள். அம்மாவைப் பற்றிப் பேச்செடுக்க மாட்டாள். மூன்றாவது வருடம் மட்டும், "அண்ணன் போட்டோவக் கழட்டி பீரோவுக்குள்ள போட்டிருந்தேனுங்க. இப்ப மறுபடியும் மாட்டிட்டேன்" என்றாள். அவளுக்கும் ஒரு கோபம் இருந்து ஆறியது என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு மனசுக்குள் நிம்மதியாக இருந்தது. பிறத்தியார் குடும்ப விஷயத்தில் எனக்கு என்ன நிம்மதி என்று என்னையே கடிந்துகொண்டேன்.

சிறுநீரகம் வளர்ந்தது. அவரை எழுப்பிப் பொருத்தினார்கள். பன்னிரண்டாம் நாள் கண் விழித்து நன்றாகப் பேசினார். சிந்துஜா வந்தாள். அவளுக்கு இப்போது பாதித் தலை நரை. நான் டிரிப்ஸ் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தேன். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். அனுப்ப மனசு வரவில்லை.

அவள் சுற்றி வளைக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கிட்னி பொருந்தியது, பயந்து பொய் சொன்னேன் என்று நின்றபடியே சொல்லி முடித்தாள்.

"தெரியும்" என்றார் பூபேஷ்.

அதே சொல்தான். அன்று கேட்ட குரல் மட்டும் அதில் இல்லை.

"நாலு மாசம் எம் பக்கத்துலயே இருந்த. அப்ப வாய் வரல. இப்ப எனக்குப் புதுசு கிடைச்சிருச்சு, இனி உன்னைய ஒருத்தரும் கேக்கப்போறதில்லைன்னதும் வந்து சொல்ற."

"அன்னிக்கே சொன்னேங்ணா. அந்த ரூம்ல. நீங்களும் போச்சுன்னு சொல்லிட்டீங்க."

"நாற்பது நிமிசக் கதையா?" என்று சிரித்தார். நல்ல சிரிப்பில்லை. பதினோரு வருடம் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில் கிடந்தும் அந்தக் கோபத்துக்குச் சூடு குறையவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவருக்கு அது இன்னும் நாலே மாதத்துக் கோபம்.

நான் ஊசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவைச் சொல், அம்மாவைச் சொல் என்று மனசு அடித்துக்கொண்டது. சிந்துஜா வாயைத் திறந்தாள். ஒட்டிய கன்னமும் வயிற்றில் கட்டுமாகக் கிடந்த அண்ணனை ஒரு முறை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"சரிங்ணா. நாளைக்கு வர்றேன்."

"வர வேண்டாம்."

நான் பின்னாலேயே ஓடி வராந்தாவில் அவளைப் பிடித்தேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்பியிருப்பாருங்களே! அவரே சொல்லச் சொன்னதுதானே?"

"நம்பியிருப்பாருங்க" என்றாள். "அப்பறம் என் மூஞ்சியப் பாக்கறப்பெல்லாம், அம்மா விசயம் இவளுக்குத் தெரியுமேன்னு குறுகிப் போயிருவாரு. அதுக்கா அவர எந்திரிக்க வெச்சோம்?"

"உங்களை வர வேண்டாம்னு சொல்லிட்டாருங்க."

"என்னைய மன்னிச்சது அவருக்குத்தான் மறந்துபோச்சு. எனக்கு மறக்கலீங்களே" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேன்டீன் எந்தப் பக்கம், தலை வலிக்கிறது, ஒரு டீ குடிக்க வேண்டும் என்று கேட்டாள். கையைக் காட்டினேன்.

திரும்பி வந்தபோது பூபேஷ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அன்னிக்கு ரூம்ல நீங்கதான இருந்தீங்க? சட்டம் தெரியும். இருந்தாலும் கேக்கறேன். எங்கம்மாவப் பத்தி நான் ஏதாச்சும் சொன்னனா?"

அவர் முகத்தில் தெரிந்ததைப் பயம் என்று நினைத்தேன். தங்கை காப்பாற்றிக் கொடுத்ததை நான் கெடுக்கக் கூடாது என்றும் நினைத்தேன். "ஒரு வார்த்தைகூடச் சொல்லலீங்க" என்றேன். இருபது வருடத்தில் முதல் தடவையாகச் சட்டத்தை மீறினேன். மீறியதுதான் மீறினேன், உண்மையையாவது சொன்னேனா என்றால் அதுவுமில்லை.

அவர் நிம்மதியாகத் தூங்குவார் என்று பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது.

"சொல்லிரோணும்னுதான் மேடம் அந்த ரூமுக்குள்ளயே போனேன். மறந்து தொலையப்போற எடந்தானே, அங்கயாச்சும் சொல்லிரலாம்னு இருந்தேன். அங்ககூட எனக்கு வாய் வரலையா?"

நல்லது செய்கிறேன் என்று கிளம்பி ஒரு மனிதனை இப்படி அடித்துப் போட்டுவிட்டேனே என்று இருந்தது.

"அவ நெசமாவே அன்னிக்குச் சொன்னாளா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

"சொன்னாங்க" என்றேன். ஒரே நாளில் இரண்டாவது குற்றம். "காலு நடுங்குச்சுன்னு சொன்னாங்க. எதையும் மறைக்கலீங்க."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அவ என்னைய விடத் தேவலை" என்றார். "போயிட்டாளா பாருங்க மேடம். கூப்புடுங்க."

கேன்டீனில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அண்ணன் கூப்பிடுகிறார் என்று மட்டும் சொன்னேன். அவள் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த அறையில் நான் இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினேன். போயிருக்க வேண்டும். போகாமல் அங்கேயே நின்றேன்.

"அம்மிணி" என்றார் பூபேஷ். கட்டில் கிரீச்சிட்டது. "அம்மாவுக்கு என் கிட்னி பொருந்துச்சு அம்மிணி."

"என்னங்ணா சொல்றீங்க?" என்றாள் சிந்துஜா. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைக் கேட்கிறவளின் குரல் அது.